வெனீர் என்றார்கள், கேப் மாட்டிவிட்டார்கள்

இட்லிதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், முறுக்குகூட இல்லை. தற்காலிகமாக ஒட்டியிருந்த முன்பல் கழன்று சட்னியில் விழுந்தது. வாஷ்பேசின் கண்ணாடியில் பார்த்தேன். பல் இருந்த இடத்தில், சீவிய பென்சில் மாதிரி கூம்பாக, மஞ்சளாக ஒரு குச்சி. தண்ணீர் பட்டதும் உச்சந்தலை வரை கூசியது.

முன்பல் இரண்டுக்கும் நடுவில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு சந்து உண்டு. அதிர்ஷ்டம் என்று ஆச்சி சொல்வார். நிச்சயதார்த்த போட்டோவில் எனக்கு அப்படித் தெரியவில்லை. திருச்சியில் ஒரு கிளினிக்கில் ‘ஸ்மைல் பேக்கேஜ்’ விளம்பரம் பார்த்துப் போனேன். நகம் கனத்தில் ஒரு வெனீர், பல்லை லேசாகத்தான் ராவுவோம், வலிக்காது என்றார்கள். டேப்லெட்டில் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையைத் திறந்து, 90 சதவீதத்துக்கு மேல் வெற்றி என்று வட்டம் போட்ட வரியைக் காட்டினார்கள். பேங்கில் நாள் முழுக்கச் சதவீதத்தோடு மாரடிக்கிறவள் நான். எதன் வெற்றி என்று கேட்கத் தோன்றவில்லை. ஆறு பல்லுக்கு 84,000 ரூபாய் ஜிபே செய்தேன்.

ஊசி போட்டு மரத்துப்போன வாயில் எவ்வளவு ராவுகிறார்கள் என்பது தெரியாது. சத்தம் மட்டும் கேட்கும். குச்சியைப் பார்த்துப் பதறி ஓடினபோது, “இது 360 டிகிரி வெனீர் மேடம், இப்ப எல்லாம் இப்படித்தான்” என்று சிரித்துக்கொண்டே மறுபடி ஒட்டிவிட்டார்கள். நானும் சரி என்று வந்துவிட்டேன். அங்கேதான் நான் ஏமாந்தது.

பல்லைச் சுற்றி நாலு பக்கமும் ராவி மேலே ஒன்றை மாட்டினால் அதற்குப் பெயர் கேப். வெனீர் என்பது முன்பக்கம் மட்டும் ஒட்டும் மெல்லிய தகடு. அதற்குப் பொதுவாக அரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் எடுப்பார்கள், சில பல்லுக்கு அதுகூட வேண்டாம். 1930-களில் ஹாலிவுட் நடிகர்களுக்கு சார்லஸ் பிங்கஸ் என்ற பல் டாக்டர் முதலில் செய்து கொடுத்தபோது பல்லைத் தொடவே இல்லை. பல்செட் ஒட்டும் பவுடரில் ஒட்டுவது, ஷூட்டிங் முடிந்ததும் கழற்றுவது. நிரந்தரமாக ஒட்ட வழி பிறந்தது 1955-இல் பூனகோர் என்பவர் பல்லின் வெளி ஓடான எனாமலை அமிலத்தால் சொரசொரப்பாக்கிக் காட்டிய பிறகு. அந்த ஒட்டு எனாமலில்தான் நன்றாகப் பிடிக்கும். என் பல்லில் எனாமலை மிச்சம் வைக்கவே இல்லை. அது திரும்ப வளரவும் வளராது.

இதெல்லாம் எம்.டி.எஸ். என்ற பல் மருத்துவ மேற்படிப்பு படிக்கும் அத்தை மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதற்குள் எட்டு மாதம் ஓடிவிட்டது. காபி குடித்தால் சுள்ளென்று வலி, அப்புறம் ராத்திரியில் தானாகவே தெறிக்க ஆரம்பித்தது. வீடியோ காலில் வாயைத் திறந்து காட்டச் சொன்னாள். “அக்கா, உள்பக்கத்தைக் காட்டுங்க... இது வெனீர் இல்லக்கா, ஃபுல் கேப்.” பிறகு எடெல்ஹாஃப், சோரன்சன் என்ற இருவர் 2002-இல் செய்த ஒரு ஆய்வைப் பற்றிச் சொன்னாள். ஒவ்வொரு சிகிச்சைக்கும் பல்லைச் செதுக்கி, எவ்வளவு போயிருக்கிறது என்று எடை போட்டுப் பார்த்திருக்கிறார்கள். வெனீர் வகைகளுக்கு, வெளியே தெரியும் பல்லில் 3 முதல் 30 சதவீதம் போகிறது. முழுக் கேப்புக்கு 63 முதல் 72. சம்பளத்தில் இப்படிப் பிடித்தால் விடுவோமா?

கிளினிக்கில் காட்டிய கட்டுரையையும் தேடிப் படித்துவிட்டாள். அது சொன்ன வெற்றி, மாட்டிய கேப் வருடங்கள் கழித்தும் உடையாமல் வாயில் இருந்ததா என்பது. உள்ளே நரம்பு செத்ததா என்பது வேறு கணக்கு. ஸ்காட்லாந்தில் 1998-இல் வெளியான ஒரு ஆய்வில், நரம்பு உயிரோடு இருக்கும்போதே கேப் போட்ட பற்களில் 19 சதவீதத்துக்கு வேர்முனையில் நோய் இருந்தது எக்ஸ்ரேயில் தெரிந்திருக்கிறது. அந்தப் பக்கத்தை எந்த கிளினிக்கும் டேப்லெட்டில் திறக்காது. என் 15 வருட வாரண்டி கார்டும் அதே கதைதான். வாரண்டி கேப்புக்கு, பல்லுக்கு இல்லை.

புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனேன். சீட்டு வாங்கி இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்ததில் எனக்கு வருத்தமில்லை. அங்கிருந்த டாக்டரம்மா முதலில் கேப்பைப் பார்க்கவில்லை, என் மேலுதட்டைத் தூக்கி இழுத்தார். பல்லிடுக்கு ஈறு வெளுத்தது. உதட்டையும் ஈறையும் இணைக்கும் நாண் தடித்து, கீழே வரை இறங்கியிருக்கிறது, சந்துக்கு அதுவும் ஒரு காரணம் என்றார். கிளிப் போட்டுச் சேர்த்துவிட்டு, சின்ன அறுவை சிகிச்சையில் நாணை வெட்டியிருக்கலாம். அவசரம் என்றால் பல்லைக் கொஞ்சமும் ராவாமல், இரண்டு பல் ஓரத்திலும் காம்போசிட் என்ற பல் நிறப் பசையை வைத்து ஒரே சிட்டிங்கில் அடைத்திருக்கலாம். பிடிக்காவிட்டால் எடுத்தும் விடலாம். “மத்த நாலு பல்லை எதுக்கும்மா ராவுனாங்க?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

யாராவது இப்படிப் போவதாக இருந்தால், ஊசி போடுவதற்கு முன் எந்தப் பல்லுக்கு என்ன, எவ்வளவு எடுப்பார்கள் என்று பல் எண்ணோடு எழுதி வாங்குங்கள். என் பில்லில் இருப்பது ‘காஸ்மெடிக் பேக்கேஜ் 1’ என்ற ஒரே வரி. பழைய பல்லை மொபைலில் நாலு கோணத்தில் எடுத்து வையுங்கள். என்னிடம் இருப்பது நிச்சயதார்த்த போட்டோ மட்டும்தான். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கிளினிக்கிலிருந்து நேற்று வாட்ஸ்அப் வந்தது. வலிக்கிற பல்லுக்கு, உள்ளே நரம்பை எடுத்துச் சுத்தம் செய்யும் ரூட் கேனலை வெளியே பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள், அதற்காக ஓட்டை போட்ட கேப்புக்குப் பதில் புதிது இலவசமாம். கீழே ஒரு ஸ்மைலி. வெள்ளிக்கிழமை ரூட் கேனலின் முதல் சிட்டிங்.