ஈசிஎம் போச்சுன்னு சொன்னா, பழசைக் கையில வாங்காம காசு குடுக்காதீங்க

பெங்களூர்ல பழைய டீசல் கார் வெச்சிருக்கற நம்ம ஆளுங்களுக்காக எழுதறேன். ஈசிஎம்னா இன்ஜினைக் கட்டுப்படுத்தற கம்ப்யூட்டர் டப்பா. நல்லா இருந்த என் ஈசிஎம்மைக் கழட்டிக் குடுத்துட்டு, எவன் வண்டியோ சாமானை மாட்டிக்கிட்டு, அதுக்கு மேல 38,000 ரூபாயும் குடுத்துட்டு வந்த கதை இது.

நாங்க இருக்கறது அல்சூர். ராத்திரி பூரா மழை. காலையில சாவியைத் திருப்பினா செல்ஃப் நல்லா எடுக்குது, வண்டி ஸ்டார்ட் ஆகல. ரெக்கவரி வண்டி பிடிச்சு ஜேசி ரோடு பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போனேன். ஓனர் தமிழ்க்காரர், வாணியம்பாடிப் பக்கம். “அண்ணே, உங்களுக்கு எந்த ஊரு?”ன்னு கேட்டாரு பாருங்க, அங்கேயே நான் பாதி கவுந்துட்டேன். கன்னடத்துல பேசியிருந்தா நாலு கேள்வி கூடக் கேட்டிருப்பேன்.

ஸ்கேனரைக் காட்டினாரு. யு0100னு ஒரு கோட். “ஈசிஎம் பேசவே மாட்டேங்குது. மழைத்தண்ணி உள்ள போயிடுச்சு. புதுசுன்னா எழுபதாயிரம், கைவசம் நல்ல பீஸ் ஒண்ணு இருக்கு.” அந்தக் கோடுக்கு ஈசிஎம் செத்துப்போச்சுன்னு அர்த்தம் இல்லை. ஈசிஎம்மோட பேச்சு வரலைன்னு வண்டியில இருக்கற மத்த யூனிட்டுங்க சொல்லுது, அவ்வளவுதான். ஃபியூஸ் போனாலும் வரும், மெயின் ரிலே போனாலும் வரும், எர்த் விட்டாலும் வரும். ஏதோ ஒரு சென்சார் ஷார்ட் ஆகி, சென்சாருங்களுக்குப் போற 5 வோல்ட் லைனைப் படுக்க வெச்சாக்கூட ஈசிஎம் செத்த மாதிரியே நடிக்கும். அப்போ எனக்கு இது எதுவும் தெரியாது.

சாயங்காலமே வண்டி ஸ்டார்ட். பில் கேட்டதுக்கு எஸ்டிமேட் பேப்பர்ல எழுதிக் குடுத்தாரு. பழசு எங்கேன்னு கேட்டேன். “எக்ஸ்சேஞ்சுல போட்டுத்தான்ணே இந்த ரேட்டு.”

ரெண்டு வாரத்துல ஐடிலிங்ல ஒரு நடுக்கம், ஏத்தத்துல கரும்புகை, மைலேஜும் இறங்கிடுச்சு. “செட் ஆக டைம் எடுக்கும்ணே”ன்னு ரெண்டு தடவை அனுப்பி வெச்சாரு.

குட்டு உடைஞ்சது வேற வழியில. வீட்டுல ஒரு டூப்ளிகேட் சாவி இருக்கு, சிவாஜிநகர்ல 150 ரூபாய்க்கு வெட்டினது. சிப் கிடையாது, அதனால கதவு திறக்க மட்டும்தான். பையன் ஒரு நாள் ஏசி போட்டு உட்காரலாம்னு அந்தச் சாவியைத் திருப்பியிருக்கான். வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சு! அவனுக்குச் சந்தோஷம். எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு.

அன்னைக்கே மர்ஃபி டவுன்ல ஆட்டோ எலக்ட்ரிக்கல் பாக்கற பெரியவர்கிட்ட ஓட்டிக்கிட்டுப் போனேன். அவர் ஸ்கேனரைச் சொருகி, “தம்பி, ஆர்சியை எடு”ன்னாரு. ஈசிஎம்முக்குள்ள இருக்கற 17 எழுத்து சேஸிஸ் நம்பரும் ஆர்சியில இருக்கறதும் வேற வேற. செகண்ட்ஸ் ஈசிஎம்மை அப்படியே மாட்டினா சாவியோட சிப் கோட் ஒத்துப்போகாது, வண்டி ஸ்டார்ட் ஆகாது. அதனால இம்மொபிலைசரையே, அதாவது சரியான சிப் சாவி இல்லாம வண்டியை ஸ்டார்ட் ஆக விடாத திருட்டுத் தடுப்பையே, அழிச்சு விட்டிருக்காங்க. யார் சாவி வெட்டினாலும் வண்டி அவனுக்குத்தான்.

அடுத்தது இன்ஜெக்டர், இன்ஜினுக்குள்ள டீசலைத் தெளிக்கற சாமான். நாலு இன்ஜெக்டர் தலையிலயும் தனித்தனிக் கோட் அடிச்சிருக்கும். அதை ஈசிஎம்ல எழுதினாத்தான் எதுக்கு எவ்வளவு டீசல்னு அது கணக்கா விடும். என் வண்டியில ஓடினது அந்த ஈசிஎம் முன்னாடி இருந்த வண்டியோட கோட். புகைக்குக் காரணம் அதுதான்.

கடைசியா டார்ச்சை பேட்டரி தட்டுக்கு அடியில அடிச்சாரு. சுத்தி எல்லாம் துருப்பிடிச்சுக் கிடக்க, ஈசிஎம் எர்த் ஒயர் முனையில மட்டும் புது லக்கு (போல்ட்டுல மாட்டற வளையம்), பளபளன்னு புது போல்ட்டு. “எர்த்து அத்துப்போயிருக்கு. அதைப் பாத்துச் சரி பண்ணிட்டுத்தான் ஈசிஎம்மும் மாத்தியிருக்கான்.” எர்த்தைப் போட்டதுமே என் பழைய ஈசிஎம்ல வண்டி ஓடியிருக்கும்னுதான் அவரும் நினைக்கறாரு, நானும் நினைக்கறேன்.

யாராவது ஈசிஎம் போச்சுன்னு சொன்னா, பேட்டரி வோல்ட், ஃபியூஸ், ரிலே, எர்த், கப்ளர் (ஒயர் சொருகற கனெக்டர்) பின்ல பச்சை பூத்திருக்கா, எல்லாத்தையும் உங்க கண் முன்னாடி மீட்டர் வெச்சுப் பாக்கச் சொல்லுங்க. தண்ணி போச்சுன்னா டப்பாவைத் திறந்து காட்டட்டும். மாத்தியே ஆகணும்னா, ஸ்டிக்கர்ல இருக்கற பார்ட் நம்பரைப் பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு போட்டோ எடுத்துக்கங்க. பேட்டரி மைனஸைக் கழட்டாம கப்ளரைப் பிடுங்க விடாதீங்க. புரோகிராம் ஏத்தும்போது பேட்டரிக்குச் சார்ஜர் சப்போர்ட் இருக்கணும், பாதியில வோல்ட் விழுந்தா புது ஈசிஎம்மே போயிடும். சாவி ரெண்டையும் ஈசிஎம்மோட ஜோடி சேர்த்து, இன்ஜெக்டர் கோட், சேஸிஸ் நம்பர் எழுதி, ஸ்கேனர்ல காட்டின பிறகு காசு.

இன்ஜெக்டர் கோடைப் பெரியவரே எழுதிக் குடுத்தாரு, புகை நின்னுடுச்சு. இம்மொபிலைசர் இன்னும் இல்லை. இப்போதைக்கு ஸ்டியரிங்ல இரும்பு லாக் போட்டு நிறுத்தறேன். 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் குடுத்திருக்கேன். பில் தராததே சட்டப்படி தப்புதான், ஆனா என் கையில இருக்கறது அந்த எஸ்டிமேட் பேப்பர் ஒண்ணுதான்.

ஓனருக்குப் போன் பண்ணி என் ஈசிஎம்மைத் திருப்பிக் கேட்டேன். “அது அன்னைக்கே ஸ்கிராப்ல போயிடுச்சுண்ணே.” நல்ல பீஸை எவன் ஸ்கிராப்ல போடுவான்? அந்தப் பக்கம் சமீபத்துல செகண்ட்ஸ் ஈசிஎம் மாட்டினவங்க யாராவது இருந்தா ஸ்கேன் பண்ணிப் பாருங்க. உள்ள வேற சேஸிஸ் நம்பர் வந்தா கடைசி நாலு எண்ணை மட்டும் எனக்கு அனுப்புங்க. என்னோடதா இருந்தாலும் இருக்கும்.