சொகுசு எஸ்யூவியும் 12 வோல்ட் பேட்டரியும்: பல வருடம் ஓட்டியவன் புலம்பல்

2025 செப்டம்பர் 22 முதல் பெரிய எஸ்யூவிகளுக்கு 28 சதவீத ஜிஎஸ்டி, 22 சதவீத செஸ் என்று இருந்த 50 சதவீத வரி 40 ஆகிவிட்டது. புது வண்டி விலை இறங்க, பழைய வண்டி விலையும் கூடவே இறங்கியது. அன்றிலிருந்து நண்பன் ஒருவன் விற்பனைக்கு வரும் வண்டிகளின் போட்டோவாக அனுப்பித் தள்ளுகிறான். "மாப்ள, உன் வண்டி மாதிரியேதான். இந்த விலைக்கு எடுத்துப் போடலாமா?" அவனுக்கு வாட்ஸ்அப்பில் பதில் தட்டத் தொடங்கினேன். நீண்டுகொண்டே போனதால் எல்லோருக்குமாக எழுதிவிடுகிறேன்.

கம்பெனி பெயர் வேண்டாம். மூன்று லிட்டர் டீசல், ஏர் சஸ்பென்ஷன், தலைக்கு மேல் முழுக்கக் கண்ணாடிக் கூரை. எந்த ரகம் என்று புரிந்திருக்கும். ஓட்டத்தில் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் பின்சீட்டில் அம்மா அசையாமல் தூங்கிக்கொண்டு வருவார். எஞ்சின், கியர் பாக்ஸ் பக்கம் வழக்கமான சர்வீஸ் தவிர செலவே இல்லை. என் சண்டை முழுக்க டிக்கித் தரைக்கு அடியில் இருக்கும் பேட்டரியோடுதான்.

பேட்டரி தளர்ந்தால் இந்த வண்டிகள் முதலில் கைவிடுவது, சிக்னலில் தானாக அணைந்து தானாகக் கிளம்பும் வசதியைத்தான். பாதிப் பேர் "தொல்லை விட்டது" என்று அதைக் கண்டுகொள்ள மாட்டார்கள். அப்புறம் ஒரு நாள் காலையில் ஸ்டார்ட் செய்தால் டேஷ்போர்டு கோயில் திருவிழா சீரியல் பல்பு மாதிரி எரியும். ஏர் சஸ்பென்ஷன் கோளாறு, ஏபிஎஸ் கோளாறு, பார்க்கிங் சென்சார் கோளாறு, மெதுவாக ஓட்டவும். பெரும்பாலும் அத்தனையும் பொய். செல்ஃப் அடிக்கும் அந்த நொடியில் வோல்ட் அதலபாதாளத்துக்கு இறங்கும். வண்டிக்குள் சிதறிக் கிடக்கும் குட்டிக் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேச முடியாமல், பக்கத்தில் இருப்பது செத்துவிட்டது என்று ஆளாளுக்குப் புகார் எழுதி வைத்துவிடும். அந்தப் புகார்களைத்தான் ஸ்கேனர் படித்துக் காட்டுகிறது.

சர்வீஸ் சென்டரில் அதை அச்செடுத்து, சஸ்பென்ஷன் கம்ப்ரஸர் வரைக்கும் சேர்த்து எஸ்டிமேட் நீட்டினார்கள். கம்ப்ரஸரை மறுத்துவிட்டுப் பேட்டரியை மட்டும் மாற்றினேன். நியாயமாகச் சொன்னால் அந்த வேலையைச் சரியாகவே செய்தார்கள். இந்த மாதிரி வண்டிகளுக்கென்றே வரும் ஏஜிஎம் ரகப் பேட்டரியே போட்டு, புது பேட்டரி என்று ஸ்கேனரில் பதிவும் செய்தார்கள். பதியாவிட்டால் வண்டி பழைய பேட்டரிக்குப் போட்ட கணக்கிலேயே சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும். ஆனால் கொஞ்ச நாளில் அந்தப் புதுசும் படுத்தது. நான்கு நாள் ஊருக்குப் போய்த் திரும்பினால் ரிமோட்டில் கதவுகூடத் திறக்காது.

கடைசியில் கோவை உக்கடம் பக்கம் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். அவர் செய்ததைப் பார்க்கவே காசு கொடுக்கலாம். டிக்கியைத் திறந்து வைத்து, அதன் பூட்டை மட்டும் ஸ்க்ரூ டிரைவரால் சொடக்கி மூடினார். கதவு சாத்திவிட்டதாக வண்டி நம்பியது. சாவியை ஒரு பையனிடம் கொடுத்துத் தெருக்கோடிக்கு அனுப்பினார். அரை மணி நேரம் யாரும் வண்டியைத் தொடக் கூடாது என்றார். அப்புறம் பியூஸைக் கழற்றாமலே, ஒவ்வொன்றின் முதுகிலும் மல்டிமீட்டர் முனைகளை வைத்து மில்லிவோல்ட் பார்த்துக்கொண்டே வந்தார்; கரண்ட் ஓடும் பியூஸில்தான் அது காட்டும். கழற்றிச் செருகினால் தூங்குவதும் முழித்துக்கொள்ளுமாம்.

"வண்டி தூங்க மாட்டேங்குதுங்க சார்," என்றார்.

பூட்டிய வண்டி 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே அடங்க வேண்டும். என்னுடையது அரை ஆம்பியரில் நின்றது, பத்து மடங்கு. ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-ஹவர். 90 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் நான்கே நாளில் பாதிக்கு மேல் காலி.

குடித்துக்கொண்டிருந்தது, டிக்கிக் கதவைத் தானாகத் திறந்து மூடும் மாட்யூல். பக்கவாட்டு அட்டையைக் கழற்றினால் கீழே தண்ணீர், கனெக்டர் பின்களில் பச்சைக் களிம்பு. தண்ணீர் எங்கிருந்து? கண்ணாடிக் கூரையின் ஓரத்தில் விழும் மழைநீர் மூலைகளிலிருந்து குழாய் வழியே தூண்களுக்குள் இறங்கி வெளியேற வேண்டும். பின்பக்கக் குழாயில் வேப்பம்பூவும் மண்ணும் சேர்ந்து அடைத்துக்கொண்டிருந்தது. புல்வெட்டும் மெஷினின் நைலான் கம்பியை மெதுவாக விட்டு எடுத்தார். காற்றடித்தால் குழாய் உள்ளே மூட்டிலேயே கழன்றுவிடும் என்று காற்றடிக்கவில்லை.

எனக்குக் கோபம் இங்கேதான். இத்தனை லட்சம் வாங்கிக்கொண்டு, கூரைத் தண்ணீர் போக சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத குழாய் வைப்பானேன், அது அடைத்தால் தண்ணீர் தேங்கும் அதே பள்ளத்தில் மாட்யூலையும் வைப்பானேன்? மழையே பார்க்காதவன் வரைந்த படமா இது?

இப்போது வண்டி தூங்குகிறது. எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. சாவியை வாசல் பக்கத்து ஆணியில் மாட்டுவதில்லை, வண்டிக்கு அதன் வாடை அடித்து முழித்துக்கொண்டே இருக்கும் என்ற பயம். ஊருக்குப் போகும்போது வீட்டுப் பிளக்கிலிருந்து வயர் இழுத்துச் சின்ன சார்ஜர் போட்டுவிட்டுப் போகிறேன். "எலக்ட்ரிக் காரா தம்பி?" என்று பக்கத்து வீட்டுப் பாட்டி கேட்டார். டீசல் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

சரி, கேள்விக்கு வருகிறேன். இந்த விலையில் இதைவிட நன்றாக ஓடும் வண்டி கிடைக்காது மாப்ள. வாங்காதே. நான் என்னுடையதை விற்கப்போவதில்லை, அது வேறு விஷயம்.

கேட்க மாட்டாய், தெரியும். அதனால், விடிகாலையில் சொல்லாமல் போய் நில். டிக்கித் தரையைத் தூக்கி, ஓரத்து விரிப்பைக் கையால் அழுத்திப் பார். ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே பேட்டரியில் மீட்டர் வை, 12.4 வோல்ட்டுக்குக் கீழே என்றால் காரணம் கேள். விற்பவர் நீ வருவதற்கு முன்பே எஞ்சினை ஓடவிட்டு வைத்திருந்தால், கொடுக்கும் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடு.