499 ரூபாய் ஷூவா, தைத்த ஷூவா: சோல் பிரிந்த பிறகு போட்ட கணக்கு

மருந்துக் கடைகளுக்குச் சென்று ஆர்டர் எடுப்பது என் வேலை. வீடு தருமபுரியில். ஒரு நாள் பாலக்கோடும் மாரண்டஹள்ளியும், மறுநாள் காவேரிப்பட்டணமும் கிருஷ்ணகிரியும், இன்னொரு நாள் பென்னாகரம் என்று வாரத்தில் ஆறு நாள் பேருந்தை விட்டு இறங்கி நடந்துகொண்டே இருப்பேன். கறுப்பு ஷூ கட்டாயம் என்பதால், எந்த ஷூ வாங்குவது என்பது எனக்கு மாதச் செலவில் ஒரு பகுதி. 2022 மார்ச் முதல் 2023 மே வரை தள்ளுபடிக் கடையில் குவித்து வைத்து விற்கும் 499 ரூபாய் ஷூக்களையே வாங்கி அணிந்தேன். 2023 ஜூனில் 2,100 ரூபாய் கொடுத்து, சோல் தைக்கப்பட்ட தோல் ஷூ ஒன்றை வாங்கினேன். இரண்டையும் ஒரே சாலைகளில் நடந்து தேய்த்தவன் என்ற முறையில், தைத்த ஷூவின் பக்கமே நிற்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தோற்றத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. புதிதாக இருக்கும் முதல் மாதத்தில் இரண்டுக்கும் தூரத்திலிருந்து வேறுபாடு தெரியாது. எடையில் மலிவு ஷூவே இலகு. அணிந்த முதல் நாளில் அதுதான் சுகமாகவும் இருக்கும். தோல் ஷூ முதல் பத்து நாள் குதிகாலைக் கடிக்கும். மலிவு ஷூவின் ரெக்சினில் (செயற்கைத் தோலில்) காற்றுப் புகாது என்பதால் சித்திரை வெயிலில் மாலைக்குள் காலுறை நனைந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று. ஷூ என்றைக்காவது ஓரிடத்தில் பிரியத்தான் போகிறது. பிரிந்த அன்று அதைச் சரிசெய்ய முடியுமா, முடியாதா என்பதே என் கேள்வி.

2022 அக்டோபர் மழையில் காவேரிப்பட்டணத்தில் இறங்கி நடந்தபோது, இரண்டாவது ஜோடியின் வலது சோல் முன்பக்கம் வாயைத் திறந்துகொண்டது. வாங்கி நான்கு மாதம்கூட ஆகவில்லை. பேருந்து நிலையத்துக்கு வெளியே பெரிய குடையின் கீழ் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கழற்றிக் கொடுத்தேன். அவர் சோலின் ஓரத்தில் ஓடிய வெள்ளைத் தையல் கோட்டைக் கட்டைவிரல் நகத்தால் ஒருமுறை சுரண்டிப் பார்த்தார். அது நூலே இல்லை. அச்சில் வார்க்கும்போதே தையல் போலத் தெரியும்படி புடைக்க விட்டு, மேலே வெள்ளை பூசியிருந்தார்கள். "இது பொம்மைத் தையலுங்க சார். நான் குத்தித் தைச்சாலும் சோலு கிழிஞ்சு வந்துரும், நூலு நிக்காது. சொல்யூஷன் போட்டுத் தர்றேன், மழை விடுற வரைக்கும் தாங்கும்" என்றார். அவர் சொன்னபடியே மூன்று வாரம் தாங்கியது. உள்ளே போட்டிருந்த அட்டை அதற்குள் தண்ணீரை உறிஞ்சி அப்பளம் போல உப்பியிருந்தது.

மலிவு ஷூவில் பெரும்பாலும் மேல்பகுதியைச் சோலோடு பசையால் மட்டுமே ஒட்டுகிறார்கள். பசையால் ஒட்டுவது தன்னளவில் குற்றமன்று; விலை உயர்ந்த ஓட்டப்பந்தயக் காலணிகளும் அப்படித்தான் ஒட்டப்படுகின்றன. நல்ல பசை, ஒட்டுவதற்கு முன் இரு பரப்பையும் சொரசொரப்பாக்கிச் சுத்தம் செய்யும் பொறுமை, ஒட்டிய பின் போதிய அழுத்தம் ஆகிய மூன்றும் இருந்தால் பிடிப்பு நீடிக்கும். 499 ரூபாய்க்கு விற்க வேண்டிய பொருளில் முதலில் குறைவது இந்த மூன்றும்தான். தார்ச்சாலையின் சூட்டில் பசை இளகி, மழையில் நனைந்து, மறுபடி காய்ந்து, கால் மடங்கும் இடத்தில் பிளவு தொடங்குகிறது. தைத்த ஷூவில் பசை விட்டாலும் நூல் பிடித்துக்கொள்ளும். நூல் அறுந்தாலும் அதே துளைகளில் புது நூலை ஓட்டலாம். சோல் தேய்ந்து தீர்ந்தால் சோலை மட்டும் மாற்றலாம்.

கணக்கைச் சொல்கிறேன். பதினைந்து மாதத்தில் மூன்று ஜோடி மலிவு ஷூவுக்கு 1,497 ரூபாயும், அவற்றை ஒட்டவும் தைத்துப் பார்க்கவும் 140 ரூபாயும் ஆயின. மாதத்துக்கு ஏறக்குறைய 109 ரூபாய். தைத்த ஷூவுக்கு விலை 2,100. குதிப்பகுதி மாற்ற 120, பக்கத் தையலுக்கு 80, சென்ற ஆண்டு இரண்டு சோலையும் மாற்ற 450. இருபத்தெட்டு மாதம் முடிந்தபோது கணக்கிட்டால் மாதம் 98 ரூபாய். வேறுபாடு 11 ரூபாய்தானா என்று கேட்கலாம். ஆனால் அந்த மூன்று ஜோடியும் குப்பைக்குப் போய்விட்டன. இந்த ஜோடி இன்னும் என் காலில் இருக்கிறது, ஒவ்வொரு மாதமும் அதன் பங்கு குறைந்துகொண்டே வருகிறது. மேலும், கடைக்காரர் முன்னால் வாய் பிளந்த ஷூவோடு நின்று ஆர்டர் கேட்கும் கூச்சத்துக்கு நான் விலை போடவில்லை.

வரியும் இப்போது தைத்த ஷூவுக்குச் சாதகமாக மாறியிருக்கிறது. முன்பு ஜோடி 1,000 ரூபாய் வரை 12 சதவீதமும் அதற்கு மேல் 18 சதவீதமும் ஜிஎஸ்டி இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரை 5 சதவீதம்தான். நான் கொடுத்த 2,100 ரூபாயில் பொருளின் விலை சுமார் 1,780. புதிய வரிப்படி அது 1,869 ரூபாய்க்குக் கிடைக்க வேண்டும். அதே வரிக் குறைப்பில் 499 ரூபாய் ஷூவுக்கு மிச்சமாவது 31 ரூபாய்தான்.

எப்போதாவது போடுவதற்கு மலிவு ஷூ போதுமே என்பார்கள். நானும் அப்படி நினைத்துத்தான், மைத்துனர் திருமணத்துக்காக இருப்பைத் தீர்க்கும் தள்ளுபடி விற்பனையில் ஒரு ஜோடி வாங்கினேன். இரண்டு முறை அணிந்து, டப்பாவில் போட்டுப் பரணில் வைத்திருந்தேன். மூன்று ஆண்டு கழித்து ஓசூரில் ஒரு கிரகப்பிரவேசத்துக்கு அதைப் போட்டுக்கொண்டு போனபோது, புது வீட்டின் வெள்ளைத் தரையில் ரஸ்க்கைப் பொடித்ததுபோலக் கறுப்புத் துகள்களைச் சிந்திக்கொண்டே நடந்திருக்கிறேன். அது பியூ எனப்படும் பாலியூரித்தேன் சோல். காற்றிலுள்ள ஈரம் அந்தப் பொருளின் பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுக்கிறது. அணிந்தாலும் அணியாவிட்டாலும் அது நடக்கும், விலை உயர்ந்த ஷூவிலும் நடக்கும். ரப்பர் சோலும், டிபிஆர் எனப்படும் தெர்மோபிளாஸ்டிக் ரப்பர் சோலும் இப்படிப் பொடிவதில்லை. தள்ளுபடிக்கு வருவது பெரும்பாலும் கிடங்கில் கிடந்த பழைய சரக்கு என்பதால், பாதி ஆயுளை அங்கேயே கழித்த சோலை நாம் புதிது என்று வாங்கிவிடுகிறோம். 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி டப்பாவில் தயாரித்த மாதமும் ஆண்டும் அச்சிட்டிருக்க வேண்டும். குவியலிலிருந்து டப்பா இல்லாமல் எடுக்கும் ஜோடியில் அந்தத் தேதி நமக்குக் கிடைக்காது. டப்பா இல்லையென்றால் பியூ சோலைத் தொடாதீர்கள்.

தையல் உண்மையா என்று கடையிலேயே பார்த்துவிடலாம். உள்ளே இருக்கும் மெத்தையை மெல்லத் தூக்கிப் பாருங்கள். பக்கத் தையல் போட்ட ஷூ என்றால் ஓரத்தைச் சுற்றி நூல் உள்ளேயும் தெரியும். பிறகு ஷூவை இரு கைகளாலும் வளைத்துப் பாருங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் வளைந்தால் நல்லது. நடுப்பாதத்தில் துணி போல மடங்கினால், அங்கே இருக்க வேண்டிய தகடு இல்லை என்று பொருள்.

கிருஷ்ணகிரிப் பக்கம் இருப்பவர்களுக்கு மூன்றாவது வழியும் உண்டு. சென்னை நெடுஞ்சாலையில் வாணியம்பாடியைத் தாண்டினால் ஆம்பூர். ஏற்றுமதியில் மிஞ்சிய தோல் ஷூக்கள் அங்கே குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. ஐரோப்பாவுக்குத் தைத்த ஜோடியென்றால், அதிலுள்ள பொருள் குறியைப் பாருங்கள்: விரித்த தோலின் வடிவம் அச்சிட்டிருந்தால் உண்மைத் தோல், வெறும் சாய்சதுரம் என்றால் வேறு பொருள். நான் அங்கே ஒரே ஒருமுறைதான் வாங்கியிருக்கிறேன், அதுவும் என் அப்பாவுக்கு. ஓராண்டாகக் குறையில்லை, ஆனால் அவர் தினமும் நடப்பது பால் வாங்கும் தூரம் மட்டுமே என்பதால், அதை வைத்து உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஓடுவதற்கான காலணி பற்றியும் பெண்களுக்கான ஷூ பற்றியும் பேச எனக்கு அனுபவம் போதாது.

தள்ளுபடிக் கடைக்கு நான் இன்னும் போவது என் மகனுக்காக மட்டுமே. ஏழு வயதுக் கால் ஓராண்டுக்குள் அடுத்த அளவுக்குப் போய்விடுகிறது. சோல் பிரிவதற்கு முன்பே ஷூ சிறிதாகிவிடும்போது தையலுக்குப் பணம் கொடுப்பதில் பொருளில்லை. அவனுக்கு வாங்கும்போது கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரல் இடம் இருக்கிறதா என்று அழுத்திப் பார்ப்பேன். வெல்க்ரோ பட்டையை ஐந்தாறு முறை பிரித்து ஒட்டிப் பார்த்துவிட்டுத்தான் பில் போடச் சொல்வேன்.