கால் இஞ்ச் ஃபுட் வாங்கலாமா? சாஷிங், பார்டர் தைக்கிறவர்களுக்காக

துணித்துண்டுகளை இணைத்து, பஞ்சு வைத்துத் தைக்கிற குவில்ட் வேலையை ஆரம்பித்தால் எல்லாரும் முதலில் வாங்கச் சொல்வது, மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கிற இந்தக் கால் இஞ்ச் ஃபுட்டைத்தான். வலது ஓரத்தில் ஒரு சின்னத் தகடு கீழே இறங்கி நிற்கும். துணியின் ஓரத்தை அதில் முட்டவைத்துத் தைத்தால் ஊசி எப்போதும் கால் இஞ்ச் உள்ளே விழும், அவ்வளவுதான் அதன் வேலை. நான் வாங்கியது பெயர் தெரியாத ஏதோ கம்பெனியுடையது, ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, அழுத்தினால் மாட்டிக்கொள்கிற வகை. சுவரில் மாட்டுகிற சின்ன குவில்ட் ஒன்றை முழுக்க இதை வைத்தே இணைத்தேன்: பிளாக் என்கிற சதுரங்கள் ஒன்பது, அவற்றைப் பிரித்துக் காட்ட நடுவில் சாஷிங் பட்டிகள், சுற்றிலும் பார்டர். பிளாக் தைக்கிறவரை இதனால் பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. சாஷிங்குக்கு வந்தபோதுதான் கொடுத்த காசுக்கு அர்த்தம் தெரிந்தது.

கணக்கைப் பாருங்கள். ஆசாரி கணக்கில் 8 நூல் ஓர் இஞ்ச். தையல் அரை நூல் உள்ளே தள்ளிப் போனால் இரண்டு பக்கத் துணியும் அரை அரை நூல் இழக்கும், ஆக ஒரு தையலுக்கு ஒரு நூல் போச்சு. தைத்து முடித்த அளவில் 6 இஞ்ச் பிளாக் மூன்று, இடையில் 2 இஞ்ச் சாஷிங் இரண்டு என்றால் ஒரு வரிசையில் நான்கு தையல், அதாவது மொத்தம் அரை இஞ்ச் காணாமல் போகும். வரிசைகளுக்கு நடுவே ஒரே துண்டாகக் குறுக்கே போகிற நீளப் பட்டியில் தையலே கிடையாது, அதை நீங்கள் கணக்குப்படி, இரு ஓரத்துத் தையலுக்கும் கால் கால் இஞ்ச் சேர்த்து, இருபத்திரண்டரை இஞ்ச் வெட்டி வைத்திருப்பீர்கள், வரிசையோ 22தான் இருக்கும். மிச்சமுள்ள அரை இஞ்சை இழுத்துப் பிடித்து, பின் குத்தி, எப்படியோ உள்ளே தள்ளித் தைத்துவிடலாம்தான், ஆனால் அந்த இடம் உப்பிக்கொண்டு நிற்கும். கட்டிலில் விரிக்கிற குவில்ட்டில் இது யார் கண்ணிலும் படாது, சுவரில் தொங்கினால் வாசலில் நுழையும்போதே தெரியும்.

ஆனால் ஃபுட்டை மாட்டியதும் கால் இஞ்ச் வந்துவிடும் என்று நம்பாதீர்கள். ஒன்றரை இஞ்ச் அகலத்தில் மூன்று துண்டு வெட்டிப் பக்கத்தில் பக்கத்தில் தைத்து, அயர்ன் பண்ணி, நடுத்துண்டை அளந்து பாருங்கள், சரியாக ஓர் இஞ்ச் இருக்க வேண்டும். எனக்கு வந்த ஃபுட்டில் தகடு கொஞ்சம் வெளியே தள்ளி இருந்ததால் நடுத்துண்டு குறுகிப் போனது. ஊசியை ஒரு புள்ளி வலப்பக்கம் நகர்த்திச் சரிசெய்தேன். ஊசி நகராத மெஷின் என்றால் அந்த வழி இல்லை, மாற்றித்தான் வாங்க வேண்டும். நகர்த்துகிறவர்களும் முதலில் கையால் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள், இந்த ஃபுட்டில் ஓட்டை சின்னது, ஊசி இடித்தால் முறிந்துவிடும். ஜிக்ஜாகில் விட்டுவிட்டு இதை மாட்டினாலும் அதே கதிதான்.

பட்டிகள் சந்திக்கிற மூலைக்கு மூலை சின்னச் சதுரம் வைத்து சாஷிங் தைக்கிறவர்களுக்கு இது நன்றாகவே உழைக்கிறது. அயர்ன் பண்ணும்போது தையல் மடிப்பு எல்லாவற்றையும் பட்டிப் பக்கமே சாய்த்துவிடுங்கள், பிளாக் வரிசையிலும் சரி, சதுரம் வரும் வரிசையிலும் சரி. அப்போது இரண்டு வரிசையையும் சேர்க்கையில் மடிப்புகள் எதிரெதிராக வந்து தாமாகவே ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும், தையல் அளவு ஒன்றாக இருந்தால் மூலைகள் பிசகாது. சதுரம் வேண்டாம், நீளப் பட்டி மட்டும் போதும் என்கிறவர்களுக்கு ஃபுட் மட்டும் போதாது. மேல் பிளாக்கும் கீழ் பிளாக்கும் நேராக வர, பட்டியின் இரு ஓரத்திலும் பென்சிலால் அடையாளம் வைத்தே ஆகவேண்டும். எனக்கு அதற்குப் பொறுமை இல்லை, சதுரம்தான்.

எரிச்சல் என்று சொன்னால், அது மடிப்புகள் கூடும் தடித்த இடத்தில். துணி அங்கே தகட்டின் அடியில் மாட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது, மெஷின் ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருக்கும். மெதுவாகப் போய், குண்டூசி முனையால் மடிப்பை அமுக்கிக் கொடுத்தால் தாண்டும். குண்டூசியையும் துணி ஓரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு குத்தாதீர்கள், தகட்டில் தட்டும்.

பார்டரில் இந்த ஃபுட் செய்வது கொஞ்சம்தான், மீதி எல்லாம் அளவெடுக்கிற கையில்தான் இருக்கிறது. நீளமாக ஒரு பட்டியை வெட்டி, ஓரத்தில் வைத்துத் தைத்துக்கொண்டே போய், மிச்சத்தைக் கத்தரிக்கிற பழக்கம் இருந்தால் எந்த ஃபுட்டும் காப்பாற்றாது. குவில்ட்டின் ஓரம் கையாண்டு கையாண்டு இளகியிருக்கும், அதனால் அளவை நடுவில்தான் எடுக்க வேண்டும். நடுவில் இருபத்திரண்டரை என்றால் பக்கவாட்டு பார்டர் இரண்டும் அதே இருபத்திரண்டரை, பாதியிலும் கால்வாசியிலும் பின் குத்திப் பொருத்தி அப்புறம் தையல். மூன்றரை இஞ்ச் அகலப் பட்டி என்றால் அதற்குப் பிறகு மேலும் கீழும் வருவது இருபத்தெட்டரை, அதையும் மறுபடி நடுவில் அளந்தே வெட்டுங்கள். துணியின் கரைக்கு இணையாக, பாவு நூல் வாக்கில் வெட்டினால் பட்டி இழுபடாது. அப்படி வெட்டினால் துணி கூடுதலாக வாங்க வேண்டிவரும், இருந்தாலும் சுவருக்கு என்றால் நான் அப்படித்தான் வெட்டுவேன்.

(கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி என்கிற சமூகத்துப் பெண்கள் கையால் தைக்கிற கவந்தி என்ற குவில்ட்டில் இந்தத் தலைவலியே இல்லை. அவர்கள் ஓரத்திலிருந்து தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள், சாஷிங்கும் கிடையாது, கடைசியில் பார்டரைப் பொருத்துகிற வேலையும் கிடையாது.)

சரி, வாங்கலாமா? அழுத்தி மாட்டுகிற ஃபுட் உள்ள வீட்டு மெஷின் என்றால், ஷாங்க் (ஃபுட் மாட்டுகிற தண்டு) உயரம் குறைந்த வகைதானா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். பழைய கறுப்பு மிதி மெஷின் வைத்திருக்கிறவர்கள் திருகால் முடுக்குகிற வகையைக் கேட்டு வாங்க வேண்டும், இது அதில் உட்காராது. தையல் கடைகளில் இருக்கும் பெரிய பவர் மெஷினுக்கு இரண்டுமே ஆகாது. எப்போதாவது ஒரு குஷன் கவர் தைக்கிறவர்களுக்கு இது தேவையே இல்லை, ஊசியிலிருந்து கால் இஞ்ச் அளந்து மெஷின் தகட்டின்மேல் ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டால் அந்த வேலை நடந்துவிடும். பஞ்சு வைத்து மூன்று அடுக்காகத் தைக்கும்போது இதைக் கழற்றிவிட்டு எல்லா அடுக்கையும் ஒன்றாக நகர்த்துகிற வாக்கிங் ஃபுட் மாட்டிக்கொள்ளுங்கள்.