ஜான் கிரகரிக்கு எத்தனை மார்க்?

நேரு ஸ்டேடியத்தில் சொந்தக் காசில் டிக்கெட் எடுத்துப் பார்த்தவன் போடும் மார்க் இது. 2017இல் பழைய கோச் மட்டராசி போய், நம்ம ஊர் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்து அணியான சென்னையின் எஃப்சிக்கு ஜான் கிரகரி கோச்சாக வருகிறார் என்றார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. வயது 63. இங்கிலாந்துக்காக 6 ஆட்டம் ஆடியவர், அந்த ஊர் கிளப்பான ஆஸ்டன் வில்லாவுக்கு கோச்சாக இருந்து 2000 எஃப்.ஏ. கோப்பை இறுதி வரை கொண்டுபோனவர். சரி, அதெல்லாம் பழைய கதை. அப்புறம் இஸ்ரேல், கஜகஸ்தான் என்று சுற்றிவிட்டு இங்கே வருகிறார்.

முதல் ஆட்டம் நம்ம ஊரில், கோவா அணியோடு. இடைவேளைக்குள் 0-3. "டீ குடிச்சிட்டு அப்படியே கிளம்பலாமா?" என்றான் மச்சான். கிளம்பவில்லை. தோற்றது என்னவோ உண்மைதான். ஆனால் 2-3 வரை வந்து தோற்றார்கள். இந்த ஆள் லேசில் விடமாட்டார் என்று அன்றைக்குத் தோன்றியது.

அவருடைய ஆட்டம் பார்க்க அழகாக இருக்காது. நடுவில் பந்தை உருட்டிக் கோலம் போடுகிற வேலையே கிடையாது. பின்னால் தடுப்பாட்டக்காரர்கள் மெயில்சன் ஆல்வெஸும் செரெனோவும் அடைத்துக்கொண்டு நிற்பார்கள். கார்னரோ ஃப்ரீ கிக்கோ கிடைத்தால்தான் எங்களுக்குத் திருவிழா. கிரகரி நெல்சன் (கோச் இல்லை, அதே பேரில் ஒரு வீரர்) தூக்கிப் போடுவார், யாராவது பாய்ந்து தலையால் முட்டுவார்கள். 2018 மார்ச் 13, அரையிறுதி, திரும்பவும் அதே கோவா. முட்டியது தனபால் கணேஷ். எங்கள் வியாசர்பாடிப் பையன்! 3-0. மற்ற இரண்டு கோலும் நம்ம முன்கள வீரர் ஜெஜே. மறுநாள் கடையில் எனக்குக் குரலே வரவில்லை, வந்தவர்களிடம் சைகையில்தான் கணக்குச் சொன்னேன்.

நாலு நாள் கழித்து பெங்களூரில், பெங்களூரு அணியோடு இறுதி. அதை டிவியில்தான் பார்த்தேன். 9ஆவது நிமிடமே அவர்களுடைய சேத்ரி அடித்துவிட்டார். அப்புறம் இரண்டு கார்னர், மெயில்சன் இரண்டு முட்டு. மூன்றாவது ரஃபேல் அகஸ்டோ. 3-2, கோப்பை நம்முடையது.

அடுத்த சீசனுக்கும் ஆசையாகப் போனேன். 18 ஆட்டத்தில் 2 வெற்றி, 9 புள்ளி, கடைசி இடம். செரெனோ இல்லை, கணேஷ் காயத்தில். ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. எதிரணிகள் நம் ஆட்டத்தைப் படித்துவிட்டன, இவர் வேறு பாடம் எடுக்கவில்லை. அதற்கடுத்த சீசன், 2019இல், முதல் 4 ஆட்டத்தில் ஒரு கோல்கூட இல்லை. நவம்பர் முடிவதற்குள் கிளம்பிவிட்டார். பின்னால் கோச்சாக வந்த ஓவன் காய்ல் அதே பையன்களை வைத்து இறுதி வரை போனார். அதுதான் வயிற்றெரிச்சல்.

மார்க்: முதல் சீசனுக்கு 5க்கு 5, அடுத்ததற்கு 1. கூட்டி வகுத்து 3 போடச் சொல்கிறான் மச்சான். நான் 4 போடுகிறேன். அவன் அந்த அரையிறுதிக்கு வரவில்லை.