லாங்மேன் இணைய அகராதி: ‘ரன்’ வைத்து ஒரு சோதனை

ஓர் ஆங்கில அகராதி தேறுமா என்று பார்க்கக் கடினமான சொல்லெல்லாம் வேண்டாம். ‘ரன்’ என்று தட்டினாலே குட்டு வெளிப்பட்டுவிடும். ஆக்ஸ்போர்டு பேரகராதிக்காரர்கள் இதன் வினைக்கு மட்டும் 645 பொருள் கணக்கிட்டார்கள். படிக்கிற பிள்ளைக்கு அதில் நாற்பது போதும். ஆனால் வேண்டியது சட்டென்று அகப்பட வேண்டும்.

லாங்மேன் இதில் கெட்டி. இலவசமும்கூட. நீளமான பதிவுகளில் பொருளுக்கு முன்னால் ஒரு வழிகாட்டிச் சொல் வைத்திருக்கிறார்கள்: பந்தயம், கணினி, தேர்தல், மூக்கு என்று, ஆங்கிலத்தில். அவற்றின் மேல் மட்டும் கண்ணை ஓட்டி இறங்கினால் போதும். விளக்கங்களும் ஏறக்குறைய 2,000 எளிய சொற்களுக்குள் அடங்கிவிடும்.

தமிழருக்கு இந்தச் சொல்லில் பாதி வேலை மிச்சம். பஸ் ஓடும், மோட்டார் ஓடும், படம் 100 நாள் ஓடும். ஆங்கிலத்திலும் அவை ‘ரன்’தான். சறுக்குவது மற்ற இடங்களில். கடையை ‘ரன்’ செய்தால் நடத்துவது. துவைத்த சட்டையில் நிறம் ‘ரன்’ ஆனால் சாயம் இறங்கிவிட்டது. தேர்தலில் அமெரிக்கர் ‘ரன்’ செய்வார். பிரிட்டிஷ்காரர் நம்மைப் போலவே நிற்பார், ‘ஸ்டாண்ட்’. பொருளின் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் ‘டிரான்சிட்டிவ்’ (செயப்படுபொருள் வேண்டும் வினை), ‘இன்டிரான்சிட்டிவ்’ (வேண்டாத வினை) குறிப்பைத் தாண்டிப் போகாதீர்கள். ‘நடத்து’ என்ற பொருளில் எதை நடத்துகிறோம் என்பது கூடவே வர வேண்டும்.

பலர் கோட்டை விடுவது ‘ரன் அவுட்’டில். கிரிக்கெட்டைச் சொல்லவில்லை. பால் தீர்ந்தால் ‘த மில்க் ஹேஸ் ரன் அவுட்’. ஆளை முன்னால் வைத்தால் ‘வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்’. அந்த ‘ஆஃப்’ விழுந்தால் வாக்கியம் தப்பு. இதைப் போன்ற கூட்டு வினைகள் வினைப் பதிவின் அடியில்தான் இருக்கின்றன. அதுவரை உருட்டப் பொறுமையில்லாதவர்கள் கன்ட்ரோல்-எஃப் போட்டுப் பக்கத்துக்குள் தேடலாம். ‘இன் த லாங் ரன்’னையும் (நாளடைவில்) கிரிக்கெட் ரன்னையும் வினையில் தேடாதீர்கள், பெயர்ச்சொல் பதிவு தனி.

குறை இல்லாமல் இல்லை. இடையிடையே விளம்பரம். கடைசியில் வரும் ‘கார்ப்பஸ்’ வாக்கியங்கள் அசல் எழுத்திலிருந்து அப்படியே உருவியவை. முன்பின் தெரியாமல் சில புரியாது, விட்டுவிடலாம். தமிழ்ப் பொருள் கிடையாது. எட்டாம் வகுப்புக்குக் கீழே உள்ள பிள்ளைகள் கையில் தனியாகக் கொடுத்துப் பயனில்லை.