‘மலையை விட்டு இறங்காமலே பி.எட்.’ என்று சொல்லி என்னிடம் 84,500 ரூபாய் வாங்கினார்கள்

நேற்று மாலை நான்கு மணிக்குக் குன்னூரில் பூட்டிக் கிடந்த ஒரு மாடியறையின் முன்னால் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டு, கோத்தகிரிக்குத் திரும்பும் பேருந்தில் இதை எழுதத் தொடங்கினேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் வெட்கம் வந்து எழுத விடாது. நான் இழந்த தொகை 84,500 ரூபாய்.

நான் இளங்கலையில் புவியியலும் முதுகலையில் பொருளியலும் படித்தவள். உயர்நிலைப் பள்ளியிலோ மேல்நிலைப் பள்ளியிலோ ஆசிரியராக வேண்டுமென்றால் நான் முதலில் முடிக்க வேண்டியது பி.எட். என்ற ஆசிரியர் பயிற்சிப் பட்டம். அதைக் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்க நினைத்திருந்தேன். அம்மாவையும் ஒரு ஏக்கர் தேயிலைத் தோட்டத்தையும் தனியே விட்டுவிட்டு இரண்டாண்டுகள் கீழே இருக்க முடியாது என்பதால் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அப்படிப்பட்டவர்களைக் குறிவைத்துத்தான் ‘மலையை விட்டு இறங்காமலே பி.எட்.’ என்ற அந்த விளம்பரம் எழுதப்பட்டிருக்கிறது என்பது இப்போது புரிகிறது. வெளிமாநிலக் கல்லூரியில் சேர்க்கை, மாதத்தில் இரண்டு நாள் வகுப்பு, அதுவும் குன்னூரிலேயே, கற்பித்தல் பயிற்சி வீட்டுக்கு அருகிலுள்ள பள்ளியில். அதை நடத்தியது கல்லூரி அன்று. டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வுக்கான பயிற்சியோடு கல்லூரிச் சேர்க்கையையும் பார்த்துக்கொள்ளும் ஓர் ஆலோசனை மையம்.

ஜூன் மாதத்தில் நல்ல மழையில் போனேன். சந்தேகத்தோடுதான் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் மேசைக்குப் பின்னால் இருந்தவர் கட்டணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. தாம் ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று சொல்லி, இந்திய நில அளவைத் துறையின் டோப்போஷீட் (நிலப்பரப்பு வரைபடம்) ஒன்றை விரித்தார். நீலகிரி இருக்கும் 58ஏ வரிசையைச் சேர்ந்த தாள். ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் ஒரு சம உயரக் கோட்டின் வளைவில் பென்சில் முனையை வைத்து, “இது பள்ளத்தாக்கா, முகடா?” என்று கேட்டார். வளைவின் கூர்முனை உயரமான பக்கம் நோக்கியிருந்ததால் பள்ளத்தாக்கு என்றேன். “சரி, இதையே ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வாய்?” என்றார். நான் திணறியபோது, வெட்டிய உருளைக்கிழங்கை வைத்து எப்படிச் சொல்வது என்று அவரே நடத்திக் காட்டினார். அருமையாக நடத்தினார். இவ்வளவு நன்றாகப் பாடம் சொல்லத் தெரிந்த மனிதர் என்னை ஏமாற்றுவார் என்று எனக்குத் தோன்றவில்லை. “உன்னைப்போல மலையிலே பிறந்த பிள்ளைதானம்மா மலையிலே புவியியல் நடத்த வேண்டும்” என்றார். அந்த ஒரு சொல்லில் விழுந்தேன்.

மறுவாரமே அம்மாவின் சங்கிலியைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்து 50,000 ரூபாய் வாங்கினோம். மீதி, பச்சைத் தேயிலைக்குத் தொழிற்சாலை போட்ட பணத்திலிருந்து எடுத்தது. கல்லூரிக் கட்டணம் 75,000, பதிவேடுகளுக்கு 9,500, ஆக 84,500 ரூபாய். எங்களுக்குக் கிடைத்த கிலோ 18 ரூபாய் விலையில் கணக்கிட்டால், அது அம்மா பறித்த ஏறத்தாழ 4,700 கிலோ கொழுந்து. பொருளியல் படித்தவள் இந்தக் கணக்கைப் பணம் கொடுப்பதற்கு முன்பு போட்டிருக்க வேண்டும்.

பதிவேடு என்றால் பாடக் குறிப்புகள், நுண்ணிலைக் கற்பித்தல் (சிறு பகுதியைச் சில நிமிடம் நடத்திப் பழகுவது), வகுப்பறை உற்றுநோக்கல் ஆகியவற்றை மாணவ ஆசிரியர் தாமே எழுதி வைக்க வேண்டிய ஏடுகள். அவற்றை எழுதியே தருவதாகச் சொன்னபோது எனக்கு உறுத்தியது. இருந்தும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்துக்கு நான்தான் பொறுப்பு.

ஐந்து மாதங்களில் நடந்த வகுப்புகள் மூன்று. நவம்பரில், கற்பித்தல் பயிற்சிக்கான கடிதம் என்று ஒன்றைக் கொடுத்து, நீயே ஒரு பள்ளியைப் பார்த்துக்கொள் என்றார்கள். நான் படித்த பள்ளிக்கே போனேன். தலைமையாசிரியை கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, “ஏம்மா, கல்லூரியின் பெயர் இருக்கிறது; பல்கலைக்கழகத்தின் பெயர் எங்கே?” என்றார். பிறகு பதிவேட்டைப் புரட்டினார். நான் நடத்தி முடித்ததாக எழுதியிருந்த பாடங்களுக்கு இன்னும் வராத ஜனவரி மாதத் தேதிகள் போடப்பட்டிருந்தன. அதில் ஒன்று ஞாயிற்றுக்கிழமை. வழிகாட்டி ஆசிரியரின் கையொப்பமும் தயாராக இருந்தது.

அவர் என்னைத் திட்டவில்லை. உட்கார வைத்து விளக்கினார். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி பி.எட். இரண்டாண்டுப் படிப்பு, அதில் 20 வாரங்கள் பள்ளியில் பயிற்சி, முதலாண்டில் 4 வாரங்களும் இரண்டாமாண்டில் 16 வாரங்களும், வகுப்புகளுக்கு 80 விழுக்காடும் பள்ளிப் பயிற்சிக்கு 90 விழுக்காடும் வருகை வேண்டும். தொலைநிலை பி.எட். என்பது ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்கானது. என்னைப் போன்ற புதியவர்களுக்கு அன்று. அவருடைய மேசையிலிருந்த கணினியிலேயே குழுமத்தின் அங்கீகாரப் பட்டியலைத் தேடினோம். அந்தக் கல்லூரியின் பெயர் பி.எட். பட்டியலில் எங்குமே இல்லை. பத்து நிமிட வேலை. அதை நான் ஜூன் மாதத்திலேயே செய்திருக்கலாம்.

அன்று தொடங்கியது அந்த மையத்தின் அலைக்கழிப்பு. முதலில் “சார் கோயம்புத்தூர் போயிருக்கிறார்”. பிறகு, “அங்கீகாரம் புதுப்பிப்பில் இருக்கிறது, சர்வர் வேலை செய்யவில்லை”. அடுத்து, பணத்தைத் திரும்பக் கேட்டு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள் என்றார்கள், கொடுத்தேன். அது குறிப்பிட்ட படிவத்தில் இல்லை என்றார்கள். படிவத்தைக் கேட்டால் அச்சுக்குப் போயிருக்கிறதாம். கோத்தகிரியிலிருந்து ஆறு முறை போய் வந்தேன். ஒவ்வொரு முறையும் வரவேற்பில் இருந்த அந்தச் சின்னப் பெண் எனக்குத் தேநீர் கொடுத்தாள். அவளுக்கும் இரண்டு மாதச் சம்பளம் பாக்கி என்று பிறகுதான் சொன்னாள். ஒருநாள் அந்த ஆசிரியரே தொலைபேசியில் கிடைத்தார். 84,500 ரூபாயைக் கேட்டேன். “கொடுத்தது கல்லூரிக் கட்டணம் இல்லையம்மா, ஆலோசனைக் கட்டணம், ரசீதைப் பார்” என்றார். பார்த்தேன். உண்மைதான்: கையால் எழுதிய ரசீதில் ‘சேவைக்காக’ என்ற ஒரே சொல். உருளைக்கிழங்கை வைத்துப் பாடம் நடத்திய அதே பொறுமையான குரல். நேற்று போனபோது ஷட்டர் இறங்கியிருந்தது. கீழே பேக்கரிக்காரர், போன வாரமே மேசை நாற்காலியை எடுத்துப் போய்விட்டார்கள் என்றார்.

வாசலில் இன்னொரு பையனும் நின்றிருந்தான். குந்தா பக்கத்திலிருந்து வந்தவன், பி.ஏ. பொருளியல் மட்டும் முடித்தவன். தமிழ்நாட்டில் பொருளியலுக்கு பி.எட். சேர முதுகலைப் பட்டம் வேண்டும் என்பதையே அவனிடம் யாரும் சொல்லவில்லை. பட்டதாரி ஆசிரியர் பணியிடம் புவியியலுக்கு உண்டு. பொருளியல் படித்தவர்கள் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு முதுகலை ஆசிரியராகத்தான் போக முடியும். அவனிடம் வாங்கியது 60,000 ரூபாய்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. வருகை தேவையில்லை என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். தமிழ்நாட்டுக் கல்லூரி என்றால் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். எந்த மாநிலமானாலும் தேசியக் குழுமத்தின் பட்டியலைப் பாருங்கள். கல்லூரியின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு அல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். ரசீதில் எதற்காக என்று எழுதியிருக்கிறது என்பதை அங்கேயே நின்று படியுங்கள். ஏற்கெனவே கொடுத்தவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை.

நாளைக் காலை முதல் பேருந்தில் அந்தப் பையனும் நானும் புகார் கொடுக்க ஊட்டிக்குப் போகிறோம். ரசீதோடு மூன்று பதிவேடுகளையும் எடுத்து வைத்திருக்கிறேன். சங்கிலியை வைத்து வாங்கிய பணம் போய்விட்டது என்று அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, கொழுந்து பறித்துவிட்டு வந்ததும், “பள்ளிக்கூடத்தில் எப்போதிலிருந்து நடத்தப் போகிறாய்?” என்றுதான் கேட்டார்.